பயமுறுத்தும் மேகமும் கொட்டும் மேகமும்: கிருஷ்ணகிரி, தருமபுரி வார வானிலையில் எதை நம்புவது?

“தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருப்பத்தூர் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்.” சித்திரையில் தொடங்கி ஐப்பசி வரை இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு நம் பக்கத்து ஆட்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. மழை பெய்த ஊர்க்காரர் சரியாகச் சொன்னார்கள் என்கிறார், நாலு கிலோமீட்டர் தள்ளி வெயிலில் காய்ந்தவர் எல்லாம் பொய் என்கிறார். இன்னொரு பக்கம், வானத்தில் கொஞ்சம் விசித்திரமாக ஒரு மேகம் தெரிந்தால் போதும், அன்று ராத்திரிக்குள் அந்தப் படம் ‘கிருஷ்ணகிரி வானில் அதிசயம்’, ‘பெரிய ஆபத்து வரப்போகிறது’ என்று வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றிவிடுகிறது.

இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு எண்ணம். வார அறிக்கை பெரிய நிலப்பரப்பைப் பற்றியும் வரும் நாட்களைப் பற்றியும் பேசுகிறது, தலைக்கு மேலே இருக்கும் மேகம் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தைப் பற்றிப் பேசுகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்கப் பயங்கரமாக இருக்கும் மேகங்களில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்வதில்லை. நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட மழையோ, யாருக்கும் படம் எடுக்கக்கூடத் தோன்றாத வெறும் சாம்பல் வானத்திலிருந்து வந்தது.

அறிக்கையின் சொற்களுக்கு அளவு உண்டு

‘ஓரிரு இடங்களில்’ என்பது பேச்சுவழக்கில் சொல்வது போல அல்ல. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீத நிலையங்களிலோ அதற்கும் குறைவானவற்றிலோதான் மழை பதிவாகும் என்று அதற்குப் பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 சதவீதம், ‘அநேக இடங்களில்’ என்றால் 51 முதல் 75 வரை, ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேலே. ஆக, ஓரிரு இடங்களில் மழை என்று சொன்ன நாளில் உங்கள் ஊரில் பெய்யாமல் போவதுதான் அதிகம் எதிர்பார்க்க வேண்டியது. அறிக்கை பலித்ததாலேயே உங்கள் கொல்லை காய்ந்து கிடக்கிறது என்றுகூடச் சொல்லலாம். இதை யாரும் எடுத்துச் சொல்லாததால் வந்த கோபம்தான் பாதி.

அளவுக்கும் இதே போலக் கணக்கு உண்டு. ஒரு நாளில் 7 செ.மீ. முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் போனால் அதி கனமழை. எச்சரிக்கை நிறங்களில் மஞ்சள் என்றால் கவனித்துக் கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செய்ய வேண்டியதைச் செய். அப்புறம் அந்த ‘ஒரு நாள்’ என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. திங்கள் ராத்திரி பெய்த மழை செவ்வாய்க்கிழமைக் கணக்கில் வருவது அதனால்தான். பேப்பரில் வரும் அளவைப் பார்த்து ‘செவ்வாய் மழையே இல்லையே’ என்று குழம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றும் உண்டு, இது நம் மேற்குப் பக்கத்துக்கு முக்கியம். ஒரு நாளில் 2.5 மி.மீ. ஆவது பெய்தால்தான் அதை மழை நாள் என்று கணக்கில் எடுக்கிறார்கள். ஆடி மாதம் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாள் முழுக்க மூடாப்பாகவே இருந்து பிசுபிசுவென்று தூறிக்கொண்டே இருக்கும், ஈரம் காயவே காயாது, ராகிப் பயிருக்கு அதுவே உயிர், ஆனால் மானியில் ஒன்றோ ஒன்றரையோ மி.மீ.தான் இருக்கும். பதிவேட்டில் அது வறண்ட நாள், கொல்லையில் அது நல்ல நாள்.

ஒரே மாவட்டம், மூன்று வானிலை

1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. கோடு போட்டவர்கள் நிர்வாக வசதிக்காகப் போட்டார்கள், வானிலை அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் மைசூர்ப் பீடபூமியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. சூளகிரி தாண்டிச் சாலை இறங்க இறங்கக் காற்றின் சூடு மாறுவது பஸ் ஜன்னலில் கை வைத்தாலே தெரியும். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். ஊத்தங்கரை, அரூர்ப் பக்கம் அதைவிடத் தாழ்வு, ஒகேனக்கல் இன்னும் பள்ளம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் உயரத்தால் மட்டுமே இரண்டரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. மாவட்டத்துக்கு ஒரே எண் சொல்லும் அறிக்கையில் இது தெரியாது.

மழையும் அப்படித்தான். இரண்டு மாவட்டத்துக்கும் வருஷத்துக்குச் சராசரி 850 மி.மீ.யை ஒட்டி வரும். சென்னைக்காரர்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் எல்லாமே, நமக்கு அப்படியில்லை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டுமே பெரிய பங்கு, அதற்கு மேல் கோடை மழை வேறு. ஆனால் ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வரும் காற்று பீடபூமியைத் தாண்டிக் கீழே இறங்கும்போது சூடாகி உலர்ந்துவிடுகிறது. அதே நாளில் தளியில் தூறல், கிருஷ்ணகிரியில் வெறும் காற்று, ஊத்தங்கரையில் வெயில். மூன்றும் ஒரே மாவட்டம்.

கைபேசிச் செயலியில் ‘மழை வாய்ப்பு 40 சதவீதம்’ என்று வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினியில் ஓட்டும் மாதிரிகளிலிருந்து. ஒரு கட்டத்தின் பக்கம் 12 கி.மீ. என்றால் அதற்குள் 144 சதுர கி.மீ. அடங்கிவிடும், அந்த இடம் முழுவதற்கும் ஒரே விடைதான். கோடையில் ஒரு இடிமழை மேகத்தின் அகலமே ஐந்திலிருந்து பத்து கி.மீ.தான் இருக்கும். காவேரிப்பட்டினத்தில் கொட்டி, பாலக்கோட்டில் ஒரு சொட்டு விழாமல் போவதை அந்தக் கட்டத்தால் காட்ட முடியாது. 2025 மே மாதம் இந்தியா தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு அமைப்பு இந்தக் கட்டத்தை 6 கி.மீ.க்குக் கொண்டுவந்திருக்கிறது. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் ‘நம்ம தெருவில் நாலு மணிக்கு’ என்று சொல்லும் அளவுக்கு எந்த மாதிரியும் வரவில்லை.

ரேடாரிலும் நமக்கு ஒரு குறை இருக்கிறது. சென்னை ரேடாரிலிருந்து கிருஷ்ணகிரி நேர்கோட்டில் 230 கி.மீ. போல வரும். ரேடார்க் கதிர் லேசாக மேல்நோக்கி அனுப்பப்படுகிறது, பூமியும் வளைந்திருக்கிறது. அது நம் ஊருக்கு வந்து சேரும்போது சுமார் 5 கி.மீ. உயரத்தில் இருக்கும். உயர்ந்து நிற்கும் இடிமேகம் அதில் தெரியும், தாழ்வாகப் படர்ந்து பெய்யும் மேகத்தின் முக்கால்வாசி அதற்குக் கீழேயே நின்றுவிடும். ரேடார்ப் படத்தில் ஒன்றுமில்லாத நாளில் வாசலில் மழை பெய்கிறதென்றால் குறை உங்கள் கண்ணில் இல்லை.

எந்த வாரத்தை எவ்வளவு நம்பலாம்

வானிலை மையம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த இரண்டு வாரத்துக்கான பொதுப் போக்கை வெளியிடுகிறது. விவசாயத்துக்கென்று செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் தனி அறிக்கை வருகிறது. மேக்தூத் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். நான் பார்த்தவரை முதல் இரண்டு நாளுக்குச் சொல்வதை நம்பி வேலையை மாற்றி வைக்கலாம், மூன்றாவது நான்காவது நாளுக்குக் கூடுமா குறையுமா என்ற திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அதற்கப்புறம் வருவதை வைத்துத் தக்காளி பறிப்பதற்கு ஆள் சொல்லிவிடக் கூடாது.

ஆனால் இதுவும் எல்லா மாதத்துக்கும் ஒன்றல்ல. அறிக்கையில் காரணம் என்று ஒரு வரி இருக்குமே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ‘வெப்பச்சலனம் காரணமாக’ என்றால், காலையிலிருந்து சூடான நிலம் காற்றை மேலே தள்ளி ஆங்காங்கே மேகம் எழும் என்று பொருள். எங்கே எழும் என்பது அன்று மதியம் வரை யாருக்கும் தெரியாது. ‘மேற்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக’ என்றால், வேகமாக வரும் காற்று வேகம் குறைந்த காற்றை முட்டி நெருக்கும் இடத்தில் மேகம் திரளும். ஆவணி, புரட்டாசியில் பெங்களூர், ஓசூர்ப் பக்கம் சாயங்காலம் கூடி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர் என்று ராத்திரியோடு ராத்திரியாகக் கிழக்கே நகரும் மழை பெரும்பாலும் இந்த வகை. ‘வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு காரணமாக’ என்றால் கதையே வேறு. அது நூற்றுக்கணக்கான கி.மீ. அகலமுள்ள அமைப்பு, நாலைந்து நாள் முன்னாலேயே கணினி மாதிரிகளின் கண்ணில் பட்டுவிடும். அதனால் சித்திரை, வைகாசி வார அறிக்கையைவிட ஐப்பசி, கார்த்திகை வார அறிக்கை நம்பகமானது. எவ்வளவு பெய்யும், எந்த ஊரில் பெய்யும் என்பது மட்டும் கடைசி வரை இழுபறியாகவே இருக்கும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

படம் எடுக்க வைக்கும் மேகங்கள்

பள்ளிப் பாடத்தில் கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்று படித்திருப்போம். 1802இல் லூக் ஹோவர்ட் என்ற லண்டன் மருந்து வணிகர் தொடங்கிவைத்த பிரிவு அது. இன்று உலக வானிலை அமைப்பின் மேக நூலில் பத்து அடிப்படை வகைகள், அவற்றுக்குள் ஏராளமான உட்பிரிவுகள். 2017இல் அந்த நூலைப் புதுப்பித்தபோது உருளை மேகம், கடல் அலையைக் கீழிருந்து பார்ப்பது போலத் தோன்றும் ஆஸ்பெரிட்டாஸ், நடுவில் ஓட்டை விழுந்த மேகம் ஆகியவற்றுக்கு முறையான இடம் கொடுத்தார்கள். ஆஸ்பெரிட்டாஸ் அந்த நூலுக்குள் வந்ததே பொதுமக்கள் படம் எடுத்து அனுப்பி, இது தனி வகை என்று வலியுறுத்தியதால்தான். ஆகவே மேகத்தைப் படம் எடுப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். அதற்குக் கீழே எழுதும் பயமுறுத்தல்தான் வேண்டாம்.

நம் பக்கத்தில் அதிகம் பகிரப்படும் மேகம், மேலிருந்து பைபையாகத் தொங்குகிற மம்மாட்டஸ். இதற்கு நம் வானம் ஏன் நல்ல இடம் என்பது சுவாரசியமான விஷயம். ஆடி முதல் புரட்டாசி வரை நம் தலைக்கு மேலே ஐந்தாறு கி.மீ. உயரம் வரைக்கும் காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. பன்னிரண்டு பதினான்கு கி.மீ. உயரத்திலோ நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே பெரும் வேகத்தில் ஓடுகிறது. 1950களில் இந்தக் கிழக்கு ஜெட் காற்றைக் கண்டு எழுதியவர் பி. கோட்டீஸ்வரம், பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்தவர். இதனால் நம் ஊரில் என்ன ஆகிறது? இடிமேகத்தின் அடிப்பகுதி மழையோடு திருப்பத்தூர்ப் பக்கம் நகர்ந்துவிடும், அதன் உச்சியோ விரிந்து படர்ந்து பின்னோக்கி நம் தலைக்கு மேலேயே நீளும். அந்த விரிப்பின் அடியில் குளிர்ந்த, ஈரமான, பனிப்பொடி கலந்த காற்று கட்டி கட்டியாகக் கீழே இறங்கும்போது பைகள் உண்டாகின்றன. மழை கிழக்கே போய்விட்டதால் மேற்கு அடிவானம் திறந்துகொள்ள, இறங்கும் சூரியன் கீழிருந்து வெளிச்சம் அடித்து அவற்றை மஞ்சளாக, பின் செம்பாக மாற்றும். ஒவ்வொரு பையும் ஒன்றிரண்டு கி.மீ. அகலம் இருக்கும், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கரைந்துவிடும். பார்க்க உலகம் முடியப்போவது போல இருந்தாலும் அப்போது மழை நம்மைத் தாண்டிப் போய்விட்டது என்பதுதான் செய்தி. மின்னல் மட்டும் அந்த நீண்ட விரிப்பிலிருந்தும் இறங்கும், அதனால் மொட்டை மாடியில் நின்று படம் எடுக்காதீர்கள்.

மண்காற்றுக்கு முன்னால் வரும் ஷெல்ஃப் மேகம் இதற்கு நேர் மாறு. இது உண்மையிலேயே எச்சரிக்கை. மழையோடு கீழே விழும் குளிர்காற்று தரையில் மோதி நாலாபுறமும் பாயும்போது, முன்னால் இருக்கும் சூடான காற்றை மேலே நெம்பித் தள்ளுகிறது. அந்த விளிம்பில் அடிவானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கறுத்த தட்டு ஒன்று தாழ்வாக நீண்டு வரும், அதற்குப் பின்னால் வெளுத்த சாம்பலாக மழைத்திரை தெரியும். வைகாசியில் மேற்கே இப்படி ஒன்று எழுந்தால் வரிசையாக நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் காற்று சுத்தமாக நின்றுவிடும், வேப்பமரத்து இலைகூட ஆடாது, புழுக்கம் கூடும். தட்டு தலைக்கு மேலே வரும்போது திடீரென்று காற்று திசை மாறிச் சில்லென்று அடிக்கும், செம்மண் புழுதி எழும்பும், மாந்தோப்பில் காய்கள் பொத்துப் பொத்தென்று விழும் சத்தம் கேட்கும், அதற்கப்புறம்தான் பெரிய பெரிய துளி. தட்டு கண்ணில் பட்டதிலிருந்து காற்று அடிப்பதற்குள் கால் மணி அரை மணி கிடைக்கும். ஆட்டைக் கொட்டகைக்கு ஓட்டவும் காயப் போட்டதை எடுக்கவும் தகர ஷீட்டுக்குப் பக்கத்திலிருந்து பிள்ளைகளை விலக்கவும் அந்த நேரம் போதும். இதே தட்டு தாய் மேகத்திலிருந்து கழன்று தனியாக உருண்டால் அதுதான் உருளை மேகம். அது வெறும் காற்றோடு போய்விடும்.

மழைக்கால் இறங்குவது தூரத்தில் தெளிவாகத் தெரியும், ஆனால் தரையைத் தொடாமல் நடுவிலேயே காணாமல் போகும். பங்குனி, சித்திரையில் மேலகிரி மலைப் பக்கம் இது சகஜம். கீழே காற்று அவ்வளவு உலர்ந்திருப்பதால் துளிகள் வழியிலேயே ஆவியாகிவிடுகின்றன. ஏமாற்றம்தான், ஆனால் ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனத்துக் கீழே விழுவதால், மழையே இல்லாமல் பலத்த காற்று மட்டும் வந்து வாழையைச் சாய்த்துவிட்டுப் போகும். மழை வரவில்லையே என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாத மேகம் இது.

வில்லை மேகத்தைப் பறக்கும் தட்டு என்று பகிர்கிறார்கள். ஈரமான காற்று மலையைத் தாண்டும்போது மறுபக்கம் அலை அலையாக ஏறி இறங்கும். ஏறும் இடத்தில் மேகம் உண்டாகி, இறங்கும் இடத்தில் கரையும். காற்று ஓடிக்கொண்டே இருந்தாலும் மேகம் மட்டும் அசையாமல் நிற்பது போலத் தோன்றுவது இதனால்தான். வட்டமான ஓட்டை விழுந்த மேகமும் ஆபத்தில்லாதது. மெல்லிய நடுமட்ட மேகத்தில் நீர்த்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் திரவமாகவே நிற்கும், ஒரு விமானம் அதைக் கிழித்துக்கொண்டு போனால் சட்டென்று உறைந்து பனியாக உதிரும், அந்த இடம் காலியாகிவிடும். விடியலிலோ அந்தியிலோ வடகிழக்கே வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக ஒளிரும் புகை தெரிந்தால், அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பியதா என்று முதலில் பாருங்கள். நமக்கும் அதற்கும் நேர்கோட்டில் 250 கி.மீ.தான்.

உண்மையில் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டிய மேகம் காலிபிளவர் மாதிரி வளரும் திரள் மேகம். பதினொரு மணிக்கெல்லாம் சிறு பஞ்சாக இருந்தது ஒரு மணிக்குள் அகலத்தைவிட உயரமாகிவிட்டதா, விளிம்புகள் செதுக்கியது போலக் கூர்மையாக இருக்கின்றனவா, உச்சியில் மெல்லிய வெள்ளைத் தொப்பி ஒன்று தோன்றி மறைகிறதா என்று பாருங்கள். அந்தத் தொப்பி, உள்ளே காற்று மிக வேகமாக மேலே பாய்கிறது என்பதற்கு அடையாளம். அப்புறம் உச்சியின் கூர்மை மங்கி நார் நாராகப் பிரிந்தால் பனி உறையத் தொடங்கிவிட்டது, இனி மின்னல் நிச்சயம். நம் பக்கத்து ஆலங்கட்டி மழை இந்த மேகங்களிலிருந்துதான் வருகிறது. சித்திரையில் பெங்களூரா, செந்தூராக் காய்கள் பருத்து நிற்கும் நேரத்தில் பத்து நிமிஷம் கல் விழுந்தால் போதும், அடிபட்ட காயை மாம்பழக்கூழ் ஆலைக்காரர் விலை பேசாமலே ஒதுக்கிவிடுவார். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும் வரை நொடிகளை எண்ணி, மூன்றால் வகுத்தால் கி.மீ. கணக்கு வரும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் நீங்கள் இருக்கும் இடத்துக்கே மின்னல் எட்டும். ஆடு மேய்ப்பவர்கள் தனி மரத்தடிக்குப் போகாமல் இருக்க வேண்டிய நேரம் அதுதான், மழை தொடங்கும் நேரம் அல்ல. தாமினி செயலி 20 கி.மீ., 40 கி.மீ. சுற்றளவில் விழும் மின்னலைக் காட்டும். வானிலை மையமும் மாவட்ட வாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்கு எச்சரிக்கை விடுகிறது, வார அறிக்கையைவிடக் கோடையில் இதுதான் பயன்படும்.

பெரியவர்கள் சொன்ன வட்டம்

‘எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை’ என்பதை நம் ஊர்களில் இன்னமும் சொல்கிறார்கள். நிலாவைச் சுற்றி அகலமாக ஒரு வளையம் போட்டால் மழை பக்கத்தில் இருக்கிறது, ஒட்டினாற்போலச் சின்னதாக இருந்தால் தூரத்தில் இருக்கிறது. இதில் நல்ல கவனிப்பு இருக்கிறது. கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையில் வரும் அகலம்தான் பெரிய வளையத்தின் ஆரம், 22 டிகிரி. மிக உயரத்தில் படரும் கீற்றுப்படை மேகத்தில் உள்ள பனித்துகள்களில் ஒளி விலகுவதால் அது வருகிறது. கார்த்திகையில் வங்கக்கடலில் ஒரு தாழ்வு நிலை உருவாகி நம்மை நோக்கி வரும்போது அதன் உச்சி மேகம் ஒரு நாள், ஒன்றரை நாள் முன்னாலேயே வந்து வானத்தை மூடும், அதனால் பழமொழி பலிக்கும். சின்ன வளையமோ நீர்த்துளிகளாலான மெல்லிய நடுமட்ட மேகத்தில் வருவது, அது வருகிற மழை எதையும் காட்டுவதில்லை. ஆனால் கோடையில் எங்கேயோ ஆந்திராவில் பெய்து முடிந்த இடிமேகத்தின் மிச்சம் மிதந்து வந்தும் பெரிய வளையம் போடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகைக்கு இந்தப் பழமொழியை நம்பலாம், வைகாசிக்கு வேண்டாம்.

யாரும் படம் எடுக்காத வானம்

2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகு ஓடியிருந்தால் நமக்கு மிதமான மழையோடு போயிருக்கும். அது ஓடவில்லை. பல மணி நேரம் அங்கேயே நின்று, வலுக்குறைந்து, மெதுவாக மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 2 காலை 8.30க்கு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பதிவானது. நம் பகுதியின் வருஷச் சராசரியில் பாதிக்கு மேல் ஒரே நாளில். அரூரிலும் 33 செ.மீ. கடற்கரையிலிருந்து நூறு கி.மீ.க்கு மேல் உள்ளே இருக்கும் ஊர்கள் இவை. ஏரி நிரம்பி வந்த வெள்ளம் ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் பொம்மை போல உருட்டிக்கொண்டு போனதைத் தமிழ்நாடே பார்த்தது.

அன்று வானத்தில் தட்டும் இல்லை, பைகளும் இல்லை. எல்லைக்கோடு எதுவும் தெரியாத கார்படை மேகம், நாள் முழுக்க ஒரே சாம்பல் நிறம், இடிகூட அதிகமில்லாத சீரான கொட்டு. கோடை இடிமேகம் மணிக்கு 5 செ.மீ. கொட்டினாலும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஏனென்றால் அதன் ஈரம் அதோடு முடிந்தது. மெதுவாக நகரும் தாழ்வு மண்டலமோ வங்கக்கடலிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்துப் பட்டை பட்டையாக ஒரே ஊரின் மேல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கிழக்கேயிருந்து வரும் அந்தக் காற்றுக்கு ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி மலைகள் குறுக்கே நின்று மேலும் ஏற்றிவிடுகின்றன. அந்த மலைகளுக்கு இடைப்பட்ட தாழ்வில்தான் ஊத்தங்கரையும் அரூரும் இருக்கின்றன.

மேகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இங்கேதான் வார அறிக்கை தேவைப்படுகிறது, அதிலும் மழை அளவைச் சொல்லும் வரியைவிட நகர்வைச் சொல்லும் வரி. ‘மணிக்கு இத்தனை கி.மீ. வேகத்தில் நகர்ந்து’ என்று இருக்கும் இடத்தில் அந்த எண் ஒவ்வொரு அறிக்கையிலும் குறைந்துகொண்டே வருகிறதா, ‘நிலைகொண்டுள்ளது’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அமைப்பு புதுச்சேரி, கடலூர், விழுப்புரத்தை ஒட்டி நின்றுவிட்டால் நம் மாவட்டத்துக்கு அன்று மஞ்சள் நிறம்தான் போட்டிருந்தாலும் ஊத்தங்கரை, அரூர், மொரப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஏரிக்கரையைச் சாயங்காலமே ஒருமுறை பார்த்துவிட வேண்டும், ஓடையை ஒட்டி நிறுத்திய வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும், தென்பெண்ணையின் இரண்டு கரையிலும் மாடு கட்டியிருப்பவர்கள் இருட்டுவதற்கு முன்னால் அவிழ்த்துவிட வேண்டும். கிருஷ்ணகிரி அணையின் நீர்மட்டமும் திறக்கும் கன அடியும் அந்த நாட்களில் மணிக்கு மணி செய்தியில் வந்துகொண்டே இருக்கும். தூறல் நின்று வெளுத்துவிட்டாலும் மேலே ஓசூர்ப் பக்கமும் பெங்களூரைச் சுற்றியும் பெய்தது ஆற்றில் இறங்கி வந்து சேர நேரம் ஆகும், அதுவரை அந்த எண்ணை விடாமல் பார்த்துக்கொண்டிருங்கள்.